தலைவலியைச் சொன்ன மாணவன்



பட்டமளிப்பு விழாவுக்கு அழைக்கப்படுகிறவன், பழைய குருகுலங்களில் ஆசிரியர்கள் மாணாக்கர்க்குச் சொல்லி அனுப்பிய உபதேசங்களில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு, தேசத்தின் எதிர்காலம் உங்கள் கையில் இருக்கிறது என்ற வாக்கியத்தையும் அவற்றோடு சேர்த்து, அரை மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு அமர்வது நெடுநாளைய சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தின்மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. கனத்த அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு பட்டம் பெறக் காத்திருக்கும் உங்களுக்குத்தான் இருக்கக்கூடும். ஆகவே இன்று உபதேசத்தை ஒதுக்கிவிட்டு, உங்கள் வயதுடைய ஒரு மாணவன் சியாச்சின் பனியாற்றின்மேல் ஒரு குழுவோடு நடந்துபோன கதையைச் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

காரகோரம் மலைத்தொடரில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஏறக்குறைய 76 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் சியாச்சின், துருவப் பிரதேசங்களை விட்டுப் பார்த்தால் உலகத்தின் மிக நீண்ட பனியாறுகளில் ஒன்று; அதன் வாயிலிருந்து உருகி வரும் நீரே நுப்ரா நதியாகிறது. கர்னல் நரேந்திர குமார் 1978ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் குழுக்களை நடத்திச் சென்று அந்தப் பிரதேசத்தை நன்கு அறிந்துவந்தார். அவர், அதற்கு வெகுகாலம் முன்பே, 1961இல் நீலகண்ட சிகரத்தில் பனிக்கடியால் கால்விரல்களை இழந்திருந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால், மனித சித்தத்தின் உறுதியை வியக்காமலிருக்க முடியாது. 1984 ஏப்ரல் 13ஆம் தேதி இந்தியப் படை அங்கே ஏறியது. 2003 நவம்பரில் போர்நிறுத்தத்தால் துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னரும் உயிரிழப்பு நிற்கவில்லை; 2016 பிப்ரவரியில் 19,600 அடி உயரத்துச் சோனம் காவல் நிலையின்மேல் சரிந்த பனி, மதறாஸ் ரெஜிமெண்டின் பத்தொன்பதாவது பட்டாளத்து வீரர் பத்துப் பேரை மூடியபோது, அவர்களுள் தமிழ்நாட்டினரும் இருந்தனர். அந்தப் பத்துப் பேரையும் கொண்டுபோனது எதிரியின் குண்டு அல்ல.

இத்தகைய இடத்துக்கு 2007இல் தொடங்கித் தரைப்படையினர், தேசிய மாணவர் படையினரையும் இராணுவப் பள்ளி மாணவர்களையும் சாதாரணக் குடிமக்களையும் சிறு குழுக்களாக அழைத்துச் சென்று, பனியாற்றின்மேல் சில நாள் நடத்திக் காட்டும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அப்படிப் போன குழுவொன்றில், காவிரியின் கடைமடையைச் சேர்ந்த, ஊர்க்கோயில் கோபுரத்தைவிட உயர்ந்த இடத்தில் அதுவரை நின்றறியாத கேடட் ஒருவன் இருந்தான். அவனே என்னிடம் சொன்னவற்றைத்தான் இங்கே சொல்லுகிறேன்.

லே நகரத்தில் இறங்கியதும் அவனுக்கு ஏற்பட்ட முதல் ஏமாற்றம், ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்படி உத்தரவிட்டதுதான். ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கிய பையனுக்கு அந்த ஓய்வு தண்டனையாகவே தோன்றியது. ஆனால் படையினர் அனுபவத்தால் வகுத்த விதி அது: 9,000 அடிக்கு மேல் 12,000 அடி வரையில் ஆறு நாள், அங்கிருந்து 15,000 அடி வரையில் நான்கு நாள், அதற்கும் மேலே போவோர் மீண்டும் நான்கு நாள் என்று, மனித தேகம் மெலிந்த காற்றுக்குப் பழகும்படி படிப்படியாக நிறுத்தி வைக்கிறார்கள். சுமார் 18,000 அடியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியே ஆகையால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் பாதியாகிறது. அதை ஈடுசெய்ய மூச்சு விரைகிறது, இரத்தத்தின் காரத்தன்மை மாறுகிறது, சிறுநீரகங்கள் அதைச் சரிசெய்ய நாட்கள் பிடிக்கின்றன. இந்த வேலையை மனோதிடத்தால் விரைவுபடுத்த முடியாது.

இந்த விதி சுலபத்தில் கிடைத்ததன்று. 1962ஆம் ஆண்டு யுத்தத்தின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுசெல்லப்பட்ட இளைஞர்கள், ஒரு காயமும் இல்லாமல், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறியதைக் கண்ட நம் இராணுவ வைத்தியர்கள், இந்தர் சிங் முதலானோர், 1,925 சிப்பாய்களிடம் கண்டறிந்த மலைநோயின் குணங்களைத் தொகுத்து 1969இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். உலகத்து வைத்தியர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் கட்டுரை அது. தேக பலம் உடையவனை இந்த நோய் விட்டுவைப்பதில்லை. பலசாலி வேகமாக ஏறிவிடுகிறானாகையால் அவனுக்கு அபாயம் சில சமயம் அதிகமே. முதலில் வருவது வெறும் தலைவலி; பிறகு உணவில் வெறுப்பு, தூக்கமின்மை; கவனியாமல் விட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் சேர்ந்து, ஓரிரு நாட்களில் உயிரைக் கொண்டுபோய்விடும். வெளியே தெரியாத அந்தத் தலைவலியை வலிக்கிறவனே சொன்னாலன்றி, எந்த வைத்தியராலும் உரிய காலத்தில் அறிய முடியாது.

கர்துங்லா கணவாயை, 17,000 அடிக்கு மேற்பட்ட அந்தச் சாலையை, வண்டியில் கடந்து, நுப்ரா பள்ளத்தாக்கின் வழியாக அடிவார முகாமுக்குப் போய், பனிச்சுவரில் ஏறவும், காலணியின் அடியில் இரும்புப் பற்கள் பூட்டி நடக்கவும், தவறி விழுந்தால் பனிக்கோடரியைக் குத்தித் தன்னை நிறுத்திக்கொள்ளவும் அவர்கள் கற்றார்கள். பிறகு கயிறு. பனியாற்றில் ஆழமான பிளவுகள் உண்டு. புதுப்பனி அவற்றின் வாயை மூடி, கீழே பாதாளம் இருப்பதே தெரியாமல் செய்துவிடும். வெயில் ஏறினால் அந்த மூடி இளகுமாகையால் விடியுமுன்பே புறப்பட்டு, முன்னே செல்பவர் கோலால் குத்திப் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைக்க, ஏனையோர் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுப் பின்தொடர வேண்டும். நம் ஊர்த் தேர்வடத்தை ஆயிரம் பேர் பிடிக்கிறோம், அதில் ஒருவன் பிடித்ததுபோல் பாவனை செய்தாலும் தேர் நகர்ந்துவிடும். அந்தக் கயிற்றிலோ நான்கைந்து பேர்தான், ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் அந்தக் கணத்திலேயே அவன் பாரத்தைத் தாங்கியாக வேண்டும்.

இரண்டாவது முகாமில் நம் மாணவனுக்குத் தலைவலி கண்டது. காலையில் வைத்தியர் வரிசையாக எல்லோரிடமும், அதிகாரி என்றும் கேடட் என்றும் பாராமல், ஒரே கேள்விகளைக் கேட்டுவந்தார்: தூங்கினாயா, சாப்பிட்டாயா, தலை வலிக்கிறதா? அவன் இல்லையென்று சொல்லிவிட்டான். அவனை நான் குறைகூற மாட்டேன். பள்ளியில் சேர்ந்த நாள் முதல் தன் பலவீனத்தை மறைத்து, தெரிந்ததை மட்டும் முன்னே காட்டிப் பரீட்சைகளில் தேறிவந்தவன் அவன். எத்தனையோ முகாம்களில் வடிகட்டப்பட்டுத் தன் மாநிலத்தின் பேரில் அங்கே நின்றான். சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இயல்பானதே. மறுநாள் விடியலில், பிளவொன்றின்மேல் கிடத்தியிருந்த அலுமினிய ஏணியில் அவனுக்கு முன்னிருந்த பெண் நடந்து கடந்தபோது, கயிற்றைத் தளர்த்திக் கொடுக்க வேண்டிய தன் கைகள் ஒரு நொடி பிந்தி இயங்குவதைக் கண்டான். அவள் பத்திரமாக அக்கரை சேர்ந்தாள். அவன் இக்கரையில் நின்றபடியே ஹவில்தாரைக் கூப்பிட்டு, நேற்றிலிருந்து தலை வலிக்கிறது, ஐயா, என்று சொன்னான்.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு மிகவும் ரசமாகப் படுகிறது. ஹவில்தார் கோபிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. அவனைக் கயிற்றிலிருந்து விடுவித்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து வேறு யாருக்கு வலிக்கிறது என்று கேட்டார். இரண்டு கைகள் உயர்ந்தன. மூவரும் முந்தின நாளிலிருந்தே, மற்ற எல்லோரும் சுகமாயிருக்கிறார்கள், நமக்கு மட்டுந்தான் இந்தக் கேவலம் என்று எண்ணி, ஒருவருக்கொருவர் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்! மூவரும் கீழே அனுப்பப்பட்டு, ஒரு நாளில் தேறினார்கள். நம் மாணவன் கடைசி முகாமைக் காணாமலே ஊர் திரும்பினான்.

இளைஞர்களே, நாளைக்கு உங்களில் சிலர் அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும், சிலர் பாலம் கட்டுமிடத்திலும், சிலர் வங்கியின் கணக்குகளுக்கு நடுவிலும் நிற்கப் போகிறீர்கள். அங்கெல்லாம் கயிறு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இளைய வைத்தியன் மருந்தின் அளவில் தனக்குள்ள சந்தேகத்தை விழுங்கிவிட்டாலும், பொறியாளன் ஒரு தூணின் கணக்கு விளங்காமலே கையெழுத்திட்டாலும், விழுகிறவர் வேறொருவராக இருப்பார். இன்று உங்களுக்கு அளிக்கப்பட்ட பட்டம் உங்களுக்குத் தெரிந்தவற்றுக்குச் சான்று. தெரியவில்லை என்று நீங்கள் உரிய நேரத்தில் சொன்னதற்காக உங்களுக்கு ஒரு மதிப்பெண்ணேனும் கொடுத்த பரீட்சை இந்நாட்டில் எங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் குற்றம் முழுவதையும் உங்கள்மேல் சுமத்துவது நியாயமாகாது. அந்தக் கேடட் சொல்லத் துணிந்ததற்குத் தினமும் கேட்பவர் ஒருவர் இருந்தார், கேட்டவர் தண்டிக்கவில்லை, பெரியவர்களையும் அவர் அதே கேள்வியைக் கேட்டார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாம் இந்த மூன்றில் எதைச் செய்துவருகிறோம்? ஆகையால் என் வேண்டுகோள் துணைவேந்தர் அவர்களுக்கே: ஒவ்வொரு துறையிலும் வாரத்தில் ஒரு மணி நேரம், மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் இல்லாமல், பேராசிரியர் தமக்கு விளங்காத ஒன்றை முதலில் எழுந்து சொல்லி, பின்னர் மாணவர்கள் தங்களுக்கு விளங்காதவற்றைச் சொல்லும் வகுப்பொன்றை வருகிற கல்வியாண்டிலேயே ஏற்படுத்த வேண்டுமென்று, இந்தச் சபையின் முன்னிலையில் தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.