பொற்கொல்லரும் கணினியும்



மன்னார்த் தீவின் வடகரையிலே, தலைமன்னாருக்குச் செல்லும் இருப்புப்பாதையின் வழியிலே அமைந்திருப்பது பேசாலை. கடலை நம்பி வாழும் மக்கள் நிறைந்த ஊர் அது. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த கரையோரக் கிராமங்களிலும் பொன் என்பது வெறும் அணிகலன் அன்று. கடல் கொடுத்த நாளில் வாங்கி வைப்பதும் பொன்னே. கடல் கொடாத நாளில் ஈடு வைப்பதும் பொன்னே. வலை வாங்குவதற்கும், படகின் இயந்திரத்தைப் பழுது பார்ப்பதற்கும், பிள்ளையைப் படிக்க வைப்பதற்கும் வேண்டிய பணம் பல வீடுகளிலே பெண்ணின் கழுத்திலிருந்துதான் புறப்படுகின்றது. ஆகையால், ஒரு நகையின் நிறையில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் அது ஒரு குடும்பத்தின் கணக்கைத் தொடும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நகை வடிவமைப்பதற்கான கணினி மென்பொருளை எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதாகும். பெருநகரத்துத் தொழிற்சாலைக்கு இத்தேர்விலே பிழை நேர்ந்தால், அது ஒன்றைத் தள்ளிவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்ளும். சிறிய ஊரிலே, தந்தையின் பட்டறையில் அமர்ந்து, கடன்பட்டுக் கணினி வாங்கும் இளைஞனுக்கோ அந்த வசதி இல்லை. ஆகவே, அத்தகைய இளைஞன் ஒருவன் பேசாலையில் இருக்கின்றான் என்று வைத்துக்கொண்டு, அவனுக்குச் சொல்வது போலவே இப்பேச்சை அமைத்துக்கொள்கின்றேன்.

முதலிலே, இம்மென்பொருள் செய்யும் வேலை யாது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பழங்காலத்துச் சிற்பி மெழுகினால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி உலர்த்தி, நெருப்பிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தான். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இம்முறையால் உருவானவையே. இன்று அந்த மெழுகு உருவத்தைக் கையால் செய்வதற்குப் பதிலாகக் கணினித் திரையிலே நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அளவுகளோடும் வரைகின்றோம். வரைந்ததை ஓர் அச்சுப்பொறி மெழுகிலோ, எரிந்து நீங்கும் பிசினிலோ, படலம் படலமாகக் கட்டி எழுப்புகின்றது. அதற்குப் பின்னர் நடப்பவை சாந்து ஊற்றுதல், சுடுதல், பொன் வார்த்தல் ஆகிய பழைய வேலைகளே. அரத்தால் அராவுவதும், கல் பதிப்பதும், மெருகிடுவதும் இன்னும் கையின் வேலைகளாகவே இருக்கின்றன. கணினி வந்தமையால் பொற்கொல்லர் தேவையற்றவர் ஆகிவிட்டார் என்று எண்ணுவது தவறு. நகையின் எந்த இடம் முதலில் தேயும், எந்தக் கொளுக்கி முதலில் அறும் என்பதை அறிந்தவர் அவரே. அந்த அறிவு எந்த மென்பொருளுடனும் சேர்த்து விற்கப்படுவதில்லை.

மன்னார்க் குடாவிலே முத்துக் குளிப்பு நடைபெற்ற காலத்தில், அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளிலே கூடிய வணிகர்கள் முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரித்தனர். இருபது என்று எண்ணிட்ட சல்லடையிலே பெருமுத்துத் தங்கும். ஆயிரம் என்று எண்ணிட்ட சல்லடையிலே மிகச் சிறு முத்துத் தங்கும். இவ்வாறு அளவு தெரிந்த பின்னரே விலை பேசப்பட்டது. 1903 ஆம் ஆண்டு முதல் 1907 ஆம் ஆண்டு வரை நடந்த பெருங் குளிப்புகளுக்குப் பின்னர் அச்சந்தைகள் அருகிவிட்டன. ஆயினும், சலித்த பின் விலை பேசும் அந்த ஒழுங்கு நமக்கு இன்றும் பயன்படும். நம் இளைஞனும் மென்பொருளை நான்கு சல்லடைகளில் இட்டுப் பார்க்கட்டும்.

முதலாவது சல்லடை, செய்யப்போகும் நகை எது என்ற கேள்வி. தாலிக்கொடியை எடுத்துக்கொள்வோம். பொன்னைக் கம்பியாக இழுத்து, வளையமாக்கிப் பின்னிச் செய்யப்படுவது அது. அதற்குக் கணினி வேண்டியதில்லை; கம்பியச்சும் பழகிய கையும் போதும். ஆனால், கொடியிலே கோக்கும் தாலியின் நிலை வேறு. கத்தோலிக்கத் திருமணங்களில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலியைக் கேட்கின்றனர். இந்துக்கள் தத்தம் குடும்ப வழக்கப்படி கேட்கின்றனர். இடப்பக்கத்துச் சிமிக்கிக்கும் வலப்பக்கத்துச் சிமிக்கிக்கும் அணுவளவும் வேறுபாடின்றி வேண்டும் என்பார் ஒருவர். ஒரே மோதிரம் ஐந்து விரல் அளவுகளில் வேண்டும் என்பார் மற்றொருவர். சிறு கற்களை நெருக்கமாகப் பதித்த பதக்கம் வேண்டும் என்பார் இன்னொருவர். கணினி தன் விலைக்கு வேலை செய்வது இத்தகைய இடங்களிலேதான். ஆகவே, சென்ற ஓர் ஆண்டிலே பட்டறைக்கு வந்த வேலைகளை ஒரு கொப்பியில் எழுதி, அவற்றுள் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவை என்று எண்ணிப் பார்த்தல் நன்று. பத்தில் ஒன்றே என்றால், மென்பொருள் வாங்குவதை விட, வரையத் தெரிந்த ஒருவரிடம் கூலி கொடுத்து வரைவித்துக்கொள்வதே இலாபமாகும்.

இரண்டாவது சல்லடை, மென்பொருள் உருவத்தை எம்முறையால் அமைக்கின்றது என்பது. இதிலே இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று, கணித வளைகோடுகளைக் கொண்டு பரப்பை அமைக்கும் முறை. அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து நிறுவனம் ஒன்று 1998 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ரைனோசெரஸ் என்னும் மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. அதனைச் சுருக்கமாக ரைனோ என்பர். ஹொங்கொங்கில் உருவாகி ஆசிய நாடுகளிலே பரவிய ஜுவெல்காட் என்பதும் வளைகோட்டு முறையையே கைக்கொள்வது. மோதிரம், கற்கூடு, காப்பு போன்ற அளவு பிசகாத வேலைகளுக்கு இம்முறை ஏற்றது. மற்றையது, உருவத்தைச் சிறு முகங்களாலான வலையாகக் கொண்டு, களிமண்ணைப் பிசைவது போல அழுத்தியும் இழுத்தும் செய்யும் முறை. ஸீபிரஷ் என்பதும், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்பதும் இவ்வகையின. புறாவின் இறகு, அன்னை மரியாளின் முகம், அன்னத்தின் கழுத்து ஆகியவற்றை வளைகோடுகளால் அமைப்பது பெரும்பாடு. வலைமுறையிலோ அது இயல்பாக வரும். ஆகவே, எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதிலே பயனில்லை. முதற் சல்லடையிலே எழுதிய பட்டியலில் மோதிரம் மிகுதியா, உருவம் மிகுதியா என்பதே விடையைச் சொல்லும்.

நகைத் தொழிலுக்கென்றே அமைந்த மென்பொருள்களும் உண்டு. மாட்ரிக்ஸ் கோல்ட் என்பது ரைனோவைத் தன்னுள்ளே கொண்டு இயங்குவது. கற்களின் அளவுகள், பற்கள், கூடுகள் யாவும் அதிலே ஆயத்தமாக உள்ளன. விரல் அளவை மாற்றினால் நகை முழுவதும் அதற்கேற்ப மாறும். பிளெண்டருக்கும் ஜுவெல்கிராஃப்ட் என்னும் நகைத்தொழில் இணைப்பு ஒன்று இருக்கின்றது. இவை நாட்களை மிச்சப்படுத்தும் என்பது உண்மையே. ஆயினும், ஆயத்தக் கற்கள் யாவும் ஒரே அளவாகத் தீட்டப்பட்டவை என்ற எண்ணத்தில் அவை அமைந்துள்ளன. பாட்டியின் காதணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பழைய முத்து ஒரே உருண்டையாக இராது. அதனை வேர்னியர் இடுக்கியால் பல பக்கமும் அளந்து, அந்த அளவுக்கே கிண்ணமும் முளையும் அமைக்க வேண்டும். மென்பொருள் தந்த முத்தை நம்பிக் கிண்ணம் அமைத்தால், உண்மை முத்து அதிலே அமராது.

மூன்றாவது சல்லடை நிறை பற்றியது. நகை கேட்டு வருபவரின் நலன் நேரே தங்கியிருப்பது இதிலேதான். 22 கரட் பொன்னின் ஒரு கன சென்ரிமீற்றர் ஏறத்தாழ 17.7 கிராம் நிறையுடையது. கலவைக்கேற்பச் சிறிது மாறும். நம் நாட்டுக் கணக்கில் ஒரு பவுண் 8 கிராம். ஆகவே, ஒரு பவுண் தாலியின் கனவளவு 0.45 கன சென்ரிமீற்றர் மட்டுமே. இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். திரையிலே வரைந்தவர் அத்தாலியை எல்லாப் பக்கமும் நூற்றுக்கு ஐந்து மட்டும் பெரிதாக்கி விட்டார். கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆனால் நீளம், அகலம், தடிப்பு மூன்றும் பெருகுவதால், நிறை நூற்றுக்கு ஏறத்தாழப் பதினாறு கூடும். 8 கிராம் தாலி 9¼ கிராம் ஆகிவிடும். அந்த ஒன்றேகால் கிராம் பொன்னுக்கு யார் பணம் கொடுப்பது? வீட்டுக்காரர் கொடுத்தால் அவர் மனம் நோவார். பட்டறை கொடுத்தால் செய்கூலி முழுவதும் கரைந்துவிடும். ஆகையால், வரையும்போதே, உலோகத்தைக் குறித்தவுடன் நிறையைக் காட்டும் வசதி மென்பொருளில் இருத்தல் வேண்டும். கனவளவை மட்டும் காட்டுவதாயின், அதனை 17.7 ஆற் பெருக்கும் பழக்கமாவது கைவர வேண்டும். வார்ப்பிலே உலோகம் சிறிது சுருங்கும். அராவும்போதும் மெருகிடும்போதும் சிறிது தேயும். அதற்கு எவ்வளவு கூட்டி வரைய வேண்டும் என்பது வார்ப்பவரின் முறையைப் பொறுத்தது. அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வார்ப்பவருக்குக் கோப்பு அனுப்பும்போது வேறொரு கவனமும் தேவை. அச்சுப்பொறிகளுக்குப் பெரும்பாலும் அனுப்பப்படுவது எஸ்.ரீ.எல். என்னும் வகைக் கோப்பு. அதிலே எண்கள் இருக்குமேயன்றி, அவை மில்லிமீற்றரா அங்குலமா என்ற குறிப்பு இராது. இருபது மில்லிமீற்றர் என்று நாம் அனுப்பியதை அப்பக்கத்தவர் இருபது அங்குலம் என்று திறக்கக்கூடும். அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணிற் படும் என்பது ஒரு நன்மை. ஆயினும், அளவையும் நிறையையும் தனியே எழுதி அனுப்புவதே முறை. மேலும், உருவத்தின் மேற்பரப்பிலே ஓட்டை இருத்தலாகாது. ஓட்டையுள்ள தோணி நீரில் மிதவாதது போல, ஓட்டையுள்ள வலைஉருவத்துக்கு உள் எது, புறம் எது என்று அச்சுப்பொறிக்குத் தெரியாது. அத்தகைய ஓட்டைகளைத் தேடிக் காட்டும் வசதியும் மென்பொருளில் உண்டா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது சல்லடை, விலையும் உரிமையும் ஆயுளும். சில மென்பொருள்களை ஒருமுறை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம், ரைனோ அத்தகையது. 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் எட்டாம் பதிப்பின் விலை ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க டொலர். வாங்குமுன் தொண்ணூறு நாட்கள் பழகிப் பார்க்கவும் விடுகின்றனர். வேறு சிலவற்றுக்கு ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும். 2022 ஆம் ஆண்டை நாம் மறந்துவிடலாகாது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாவைக் கடந்தது. டொலரிலே சந்தா கட்டுபவனுக்குத் தொழில் கூடாமலே செலவு ஏறிற்று. ரூபாவில் உழைப்பவன் டொலரில் கடமைப்படுமுன் இருமுறை எண்ணுதல் வேண்டும்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து டெல்காம் நிறுவனத்தின் ஆர்ட்காம் என்னும் மென்பொருளைப் பல நகைப் பட்டறைகள் பயன்படுத்தின. 2014 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது; 2018 ஆம் ஆண்டில் ஆர்ட்காமின் விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னர் அதன் வழிவந்த கார்வெகோ வேறொரு நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த வடிவங்கள் ஒரு மென்பொருளில் மட்டும் திறப்பவையாக இருந்தால், அந்த மென்பொருள் ஓயும்போது அவையும் ஓய்ந்துவிடும். ஆகையால், வரைந்த ஒவ்வொன்றையும் பிற மென்பொருள்களும் திறக்கக்கூடிய பொதுவகைக் கோப்பாகவும் சேமிக்க வேண்டும். வேறொருவர் வரைந்து கொடுப்பதாயின், அக்கோப்பு யாருக்கு உரியது என்பதையும் முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். முத்துக் குளிப்பிலே மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவருக்கும் என்று தோணி புறப்படுமுன்னரே வகுக்கப்பட்டிருந்தது. அத்தகைய முன்னேற்பாடு இல்லாத பட்டறையிலே, தந்தையின் வடிவம் பிறர் கடையில் விற்பனைக்கு வந்தாலும் கேட்பதற்கு வழியில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூட்டு உடைத்த திருட்டுப் பிரதிகள் மலிவாகவும் இலவசமாகவும் கிடைக்கின்றன. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கின்றது. சட்டம் ஒருபுறமிருக்க, அத்தகைய பிரதிகளோடு சேர்ந்து வரும் தீய நிரல்கள் சேமித்த வடிவங்களையெல்லாம் அழிக்கவும் கூடும். பணமில்லாதவனுக்கு நேர்மையான வழி அடைபட்டிருக்கவில்லை, பிளெண்டர் இருக்கின்றது. அதைக் கற்பதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். ஆனால் பணம் வேண்டியதில்லை.

எனவே, பேசாலை இளைஞனுக்கு நான் கூறும் ஒழுங்கு இதுவே. அச்சுப்பொறியை இப்போது வாங்க வேண்டாம். முதலிலே, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உனக்கு வார்த்துத் தரப்போகும் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் எந்தக் கோப்பை ஏற்பார் என்று கேள். இரத்தினக்கல் ஆபரண ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகம் நகைத்தொழிற் பயிற்சிகளை நடத்துகின்றது; அங்கே எந்த மென்பொருளைக் கற்பிக்கின்றார்கள் என்று விசாரி. பக்கத்திலே சந்தேகம் கேட்க ஆள் உள்ள சாதாரண மென்பொருள், கேட்க ஆளில்லாத உயர்ந்த மென்பொருளிலும் மேலானது. பின்பு, தந்தை கையால் செய்து நிறை அறிந்த ஒரு சிறு பதக்கத்தை எடுத்து, அதனையே திரையில் வரைந்து, வெள்ளியில் வார்ப்பித்துப் பார். மென்பொருள் சொன்ன நிறையும், தராசு காட்டும் நிறையும், தந்தையின் கண்ணும் மூன்றும் ஒத்து வந்தால் கடன் வாங்கலாம். ஒவ்வாவிட்டால், போனது சில கிராம் வெள்ளி மட்டுமே.

தந்தையருக்கும் ஒரு சொல். பிள்ளை கணினியின் முன் அமர்ந்திருப்பதைக் கண்டு, தொழிலை விட்டுவிட்டான் என்று எண்ணாதீர்கள். அவன் அருகிலே ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, இந்தப் பல் மெல்லிது, இந்த வளையம் அறும் என்று சொல்லிக்கொடுங்கள். வார்த்து எடுத்த பின் சொல்வதை விட, வரையும்போதே சொல்லும் சொல்லுக்குப் பயன் அதிகம். நம்மை நம்பிக் கழுத்து நகையைக் கழற்றித் தருபவர்களுக்கு நாம் செய்யும் கடமையும் அதுவே.