காயம் ஆறுவதற்குள் கடிதம் போக வேண்டும்

(ஹட்டனில் தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கு நடந்த வகுப்பில் பேசியது)



பொலிஸ் அடித்தால் நட்டஈடு கேட்டு வழக்குப் போட முடியுமா என்று போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். பக்கத்திலிருந்த சிலர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. வழக்குப் போட்டு வென்றவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

2010இல் மிரிஹான பொலிஸார் ஒரு முன்னாள் இராணுவச் சிப்பாயைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். அவர் உயர் நீதிமன்றம் போனார். 2023 டிசம்பர் 14ஆம் திகதி தீர்ப்பு வந்தபோது, எதிராளிகளில் ஒருவரான தேசபந்து தென்னகோன் நாட்டின் பதில் பொலிஸ் மாஅதிபர். அவரும் 5 இலட்சம் ரூபா கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம், அதுவும் சொந்தப் பணத்தில். கிட்டத்தட்ட 13 வருடம் ஆனது. நீண்ட காலம்தான். ஆனால் அந்த மனு உரிய நேரத்தில் போகாதிருந்தால் தீர்ப்பே இல்லை.

நம் தோட்டங்களில் நடப்பது வேறு. லயத்துப் பையனைத் திருட்டுச் சந்தேகத்தில் கூட்டிப் போகிறார்கள். இரவு அடி. காலையில் தலைவர் போய், "சின்னப் பையன் சேர், மன்னிச்சு விடுங்க" என்று கும்பிட்டுக் கூட்டி வருகிறார். சிங்களத்தில் எழுதிய தாளில் பையன் கையெழுத்து வைத்திருக்கிறான். வீட்டில் எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுக்கிறார்கள். அடையாளம் மறைகிறது. இப்படிக் கூட்டி வருவதைச் சங்க வேலை என்று நினைக்கிற தலைவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கோபிக்க வேண்டாம், வழக்கு அங்கேயே செத்துப்போகிறது.

வெளியே வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். 2023 மே மாதம் பதுளைப் பக்கத்துத் தாய் ஒருவர், கொழும்பில் வீட்டு வேலை செய்தவர், முதலாளி வீட்டு நகை காணாமல் போனதாகச் சொல்லி வெலிக்கடைப் பொலிஸார் பிடித்த பிறகு உயிரோடு திரும்பவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. 13ஆம் உறுப்புரை காரணம் சொல்லாமல் கைது செய்வதைத் தடுக்கிறது. இவை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். அதற்குத் தவணை ஒரே ஒரு மாதம். சம்பளம் வரட்டும், தீபாவளி முடியட்டும் என்று காத்திருந்தால் போயிற்று. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அவர்களுடைய விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தொலைபேசி எண்ணும் 1996தான், மறக்காது. முறைப்பாட்டு இலக்கம் எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இது தவிர மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கும் உண்டு. அடித்த அதிகாரி மீதும் போடலாம், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசின் மீதும் போடலாம். இதற்கு இரண்டு வருடத் தவணை. வழக்குக்கு ஒரு மாதம் முன்னர் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதைச் சட்டத்தரணி பார்ப்பார். பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

ஆனால் எந்த நீதிமன்றமும் முதலில் கேட்பது காயத்துக்கு அத்தாட்சி. தோட்ட டிஸ்பென்சரி மாத்திரை போதாது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள், "பொலிஸ் அடிச்சது" என்றே சொல்லுங்கள், சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நீதவான் முன் நிறுத்தினால் அங்கேயே வாய் திறந்து சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். தமிழில் வாக்குமூலம் எழுதக் கேட்பது நம் உரிமை.

பயமில்லையா என்று கேட்பீர்கள். ஜெரால்ட் பெரேரா என்று ஒரு கொழும்பு டொக்யார்ட் தொழிலாளி. 2002இல் வத்தளைப் பொலிஸார் ஆள் மாறிப் பிடித்து அடித்ததில் சிறுநீரகம் பழுதானது. அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் 8 இலட்சம் ரூபாவும் வைத்தியச் செலவும் கொடுக்கச் சொன்னது. 2004 நவம்பரில், பொலிஸாருக்கு எதிராக மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல இருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். இதை உங்களிடம் மறைத்து வழக்குக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே யாரும் தனியாகப் போகக்கூடாது. முறைப்பாட்டில் குடும்பத்தின் பெயரோடு சங்கத்தின் கடிதமும் போகட்டும். ஒவ்வொரு கமிட்டியும் ஒரு கொப்பி வையுங்கள். கூட்டிப் போன நேரம், வந்த வாகனத்தின் இலக்கம், யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி, எல்லாம் அன்றைக்கே எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லுங்கள், திகதியோடு எழுதித் தரும்.