ஓ.கே. பிறந்த கதை

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இரண்டே எழுத்துள்ள ஓர் இங்கிலீஷ் வார்த்தை. ஓ.கே. என்பதுதான் அது. இங்கிலீஷ் படித்தவர்கள் மாத்திரமல்ல. கையெழுத்துப் போடத் தெரியாத நம் கிராமத்துத் தாய்மார்களும் இன்று "சரி" என்பதற்கு ஓ.கே. என்கிறார்கள். இவ்வளவு பெருமை அடைந்த வார்த்தை எங்கே பிறந்தது, யார் பெற்றது என்று கேட்டால், கதைகளுக்குப் பஞ்சமில்லை.

ஒருவர் இது "எல்லாம் நன்று" என்னும் பொருளுள்ள பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார். மற்றொருவர் அமெரிக்க ஆதிக்குடிகளான சோக்டா மக்களின் சொல் என்கிறார். அமெரிக்காவின் பிரசிடெண்டாயிருந்த உட்ரோ வில்சன் பெரிய படிப்பாளி. அவரும் இந்தச் சோக்டா கதையை நம்பி, இரண்டெழுத்தாக எழுதாமல் ஒரே சொல்லாக நீட்டி எழுதி வந்தார். இன்னொருவர், 1861-ல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் சிப்பாய்களுக்குக் கொடுத்த பிஸ்கோத்தின் மேல் அச்சிட்ட எழுத்து என்கிறார்.

இவற்றிற்கெல்லாம் ஆதாரம் என்ன என்று கேட்ட ஒருவர் இருந்தார். அவர் கொலம்பியா சர்வகலாசாலை ஆசிரியர் ஆலன் வாக்கர் ரீட் என்பவர். அவர் ஊகம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பழைய பத்திரிகைகளைத் தாள் தாளாகப் புரட்டினார். தாம் கண்டதை 1963, 1964 ஆகிய வருஷங்களில் வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? 1838, 1839 வருஷங்களில் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கைப் பழக்கம் இருந்தது. சொற்றொடர்களை முதல் எழுத்துகளாகச் சுருக்குவது. அதிலும் வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு சுருக்குவது. "எல்லாம் சரி" என்பதற்கு இங்கிலீஷில் "ஆல் கரெக்ட்". ஆல் என்பதற்கு "ஏ" என்ற எழுத்தும், கரெக்ட் என்பதற்கு "சி" என்ற எழுத்தும் முதலில் வர வேண்டும். இவர்கள் காதில் விழுகிறபடி "ஓ" என்றும் "கே" என்றும் போட்டார்கள். 1839 மார்ச்சு 23-ந் தேதி "பாஸ்டன் மார்னிங் போஸ்ட்" பத்திரிகையில் இது அச்சாயிற்று. இவ்வளவுதான் தோழர்களே, அதன் பிறப்பு! கிரேக்கமும் இல்லை, சோக்டாவும் இல்லை. எழுத்துப் பிழையில் பிறந்த கேலி. பிஸ்கோத்துக் கதையோ, பிள்ளை பிறந்து 22 வருஷத்திற்குப் பின் தாய் பிறந்தாள் என்பதைப் போன்றதாகும்.

அந்தக் காலத்தில் இம்மாதிரிச் சுருக்கங்கள் பல கிளம்பின. மற்றவையெல்லாம் செத்துப்போக, இது மாத்திரம் ஏன் பிழைத்தது? முதலாவது, 1840-ல் நடந்த பிரசிடெண்ட் தேர்தல். அபேட்சகராக நின்ற மார்ட்டின் வான் பியூரன் என்பவரின் ஊர் கிண்டர்ஹுக். அவருக்கு "ஓல்ட் கிண்டர்ஹுக்" என்று பட்டப் பெயர். முதல் எழுத்துகள் ஓ.கே. அல்லவா? நியூயார்க்கில் அவர் கட்சியார் ஓ.கே. கிளப் என்றே சங்கம் வைத்துக் கூச்சலிட்டார்கள். எதிரிகள் சும்மா இருப்பார்களா? முன் பிரசிடெண்டான ஆண்ட்ரு ஜாக்சன் ஏழைக் குடியில் பிறந்தவர். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாததால் தஸ்தாவேஜுகளில் இப்படிப் பிழையாக எழுதினார் என்று கட்டுக்கதை விட்டார்கள். இழிவுபடுத்தச் சொன்ன கதையே வார்த்தையை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. வான் பியூரன் தோற்றார், வார்த்தை ஜெயித்தது.

இரண்டாவது, தந்தி. 1844-ல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மார்ஸ் என்பவர் தந்தி விட்டுக் காட்டினார். பின்னர் தந்திக்காரர்கள் "சேதி சரியாக வந்து சேர்ந்தது" என்று நீட்டி முழக்காமல் ஓ.கே. என்று தட்டினார்கள். ஆகவே, கேலிக்குப் பிறந்த வார்த்தை வேலைக்கு உதவிற்று, உதவினதால் நிலைத்தது.

இங்கிலாந்திலும் ஒரு சங்கதி உண்டு. "நிலையில்லாத பாமரக் கூட்டம்" என்று ஏழை ஜனங்களை லத்தீனில் இகழ்ந்த சொற்றொடரைச் சுருக்கி "மாப்" என்றார்கள். "கலிவரின் யாத்திரை" எழுதிய ஸ்விப்ட் பேரறிஞர்தான். அவருக்கு இந்த அரைகுறைச் சொல் பிடிக்கவில்லை. 1710-ல் இதையும் இதைப்போன்றவைகளையும் கண்டித்து எழுதினார். 1712-ல், பாஷையைத் திருத்தி நிலைநிறுத்த அறிஞர் சபை ஒன்று வேண்டும் என்றார். சபை ஏற்படவே இல்லை. "மாப்" இன்று எல்லா அகராதியிலும் உட்கார்ந்திருக்கின்றது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சொல்லுக்குப் பிறப்பினால் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. உபயோகம்தான் அதன் யோக்கியதை. ஆனால் ஒரு வார்த்தைக்குப் பெருமை வந்தவுடன் அதற்கு உயர்ந்த குலமும் கோத்திரமும் தேடுகிறார்கள். பத்திரிகைக்காரர்களின் வேடிக்கையில் பிறந்தது என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

நம் நாட்டிலும் பண்டிதர்கள் "இழிசனர் வழக்கு" என்று ஒரு பெட்டி வைத்திருந்து, உழைக்கிற ஜனங்களின் பேச்சை அதில் போட்டுப் பூட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பேச்சைப் பேசிவிட்டதற்காகப் பரிகசிக்கப்பட்டு, அப்புறம் வாயே திறக்காத பிள்ளைகள் எத்தனை பேர்! பொதுவான எழுத்து நடையைக் கற்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் கற்க வேண்டும். அது இல்லாமல் ஊர் விட்டு ஊர் பேச முடியாது. ஆனால் தாயிடம் கற்ற பேச்சுக்காக ஒரு பிள்ளையும் தலைகுனிய வேண்டியதில்லை என்கிறோம்.

தோழர்களே! நாளைக்கு யாராவது ஒரு வார்த்தைக்கோ ஒரு மனிதனுக்கோ பழம் பெருமையுள்ள பிறப்புக் கதை சொன்னால், "தேதி என்ன, தாள் எங்கே?" என்று கேளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே கேளுங்கள். 1839 மார்ச்சு 23 என்று தேதி சொல்லியிருக்கின்றோம். சரிதானா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் ஓ.கே. சொல்லுங்கள்.