படகும் பட்டறைப் பெயரும்



படகு வாங்குவது பற்றிப் பள்ளிக்கூட ஆசிரியனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் வாழ்நாளில் நான் வாங்கிய வாகனம் ஒரே ஒரு சைக்கிள். ஆயினும், சிங்கப்பூரில் பொறியாளராய் இருந்த என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்குக் கடிதம் எழுதினார். மனைவியுடன் மலாக்கா நீரிணையில் மெல்லச் சுற்றிவர ஒரு மோட்டார் உல்லாசப் படகு வாங்கப் போகிறாராம். சேமிப்பு முழுவதும் அதற்கே செலவாகுமாம். பெரும்பெயர் பெற்ற மார்க்கு ஒன்றை ஏறத்தாழ முடிவு செய்துவிட்டாராம். பழைய படகுதான்; ஆனால் மணிக்கு 30 கடல் மைல் ஓடுமாம்!

மெல்லச் சுற்றுவதற்கு 30 எதற்கு? நான் பௌதிகம் கற்பித்தவன். ஆகவே அங்கிருந்தே தொடங்கினேன். 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபுரூடு என்னும் ஆங்கிலப் பொறியாளர் மாதிரிப் படகுகளை நீர்த்தொட்டியில் இழுத்து ஆராய்ந்தார். படகு எழுப்பும் அலையே அதன் வேகத்துக்குத் தளையாகிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்குங்கள். 36 அடியானால், மணிக்குச் சுமார் 8 கடல் மைல். அதற்குமேல் விரைய வேண்டுமாயின் படகு தன் அலைமீதே ஏறி நீர்ப்பரப்பில் வழுக்கிச் செல்ல வேண்டும். அதற்கு எடை குறைந்த உடலும் பெரிய எஞ்சினும் வேண்டும். எண்ணெயும் ஏராளமாய்ச் செலவாகும். அலை உயர்ந்தால் அடித்தட்டு நீரில் அறையும். இரண்டும் வெவ்வேறு சாதிப் படகுகள். சாதியைத் தீர்மானித்த பின்னரன்றோ மார்க்கைப் பார்க்க வேண்டும்?

மார்க்கிலும் ஒரு நுட்பம் உண்டு. இத்தாலியில் இசேயோ ஏரிக்கரையிலுள்ள சார்னிக்கோவில் 1842-இல் தோன்றியது ரீவா பட்டறை. மெருகேற்றிய மகோகனிப் படகுகளால் உலகப் புகழ் எய்தியது. 1969-இல் அது குடும்பத்தின் கையைவிட்டு ஓர் அமெரிக்கக் கம்பெனிக்குப் போயிற்று. 2000-இல் ஃபெரெத்தி நிறுவனத்தை அடைந்தது. பெயர் ஒன்று, உடைமையாளர் பலர். எனவே, "எந்த மார்க்கு?" என்பதோடு, "எந்த ஆண்டு கட்டியது? அப்பொழுது பட்டறை யார் கையில் இருந்தது?" என்றும் கேட்டாக வேண்டும். ஐரோப்பாவில் விற்கும் புதுப் படகுகளில் 1998 முதல் ஒரு தகடு கட்டாயம். அதில் உள்ள எழுத்து, எத்தகைய கடலுக்கு அப்படகு ஏற்றது என்று சொல்லும். 'சி' என்றால் 2 மீட்டர் அலை வரை. பளபளக்கும் விளம்பரத்தைவிட அந்த ஓரெழுத்து எனக்கு மேலாகப் படுகிறது.

இவற்றையெல்லாம் எழுதி, பணம் கொடுக்குமுன் சர்வேயர் ஒருவரை அழைத்துக் காட்டும்படியும் கேட்டுக்கொண்டேன். மாணவருக்கு அது பிடிக்கவில்லை. பெயர் பெற்ற படகுக்குப் பரீட்சையா என்றார். இருந்தாலும் அழைத்தார். சர்வேயர் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாராம். தேக்குத் தளத்தின் ஓரிடத்தில் ஓசை மழுங்கிற்று. திருகாணித் துளைகளின் வழியே பல்லாண்டு நீர் இறங்கி, உள்ளிருந்த மரம் கூழாகியிருந்தது.

அதை அவர் வாங்கவில்லை. அவ்வளவாகப் பெயர் தெரியாத பட்டறையின் 36 அடிப் படகொன்றை வாங்கினார். பொங்கலன்று வாழ்த்துடன் ஒரு புகைப்படம் வந்தது. மணிக்கு 7 கடல் மைலில் படகு போய்க்கொண்டிருக்கிறது. அவர் மனைவி மேல்தளத்தில் அமர்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.