இயற்கைக்கு எதற்கு அரிவாள்?

(மாணவர் வாசிப்பு முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு அழகு. இயக்க முகாமில் அழகைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ‘பொண்ணு கருப்பா இருக்கா, பிடிக்கல. இதுல சாதி எங்கய்யா வந்துச்சு?’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இப்போது அதற்கு விஞ்ஞானத்தையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். பரிணாம உளவியல் என்று ஒரு துறை. முகம் ஆரோக்கியத்தின் அடையாளம். ஆரோக்கியமான துணையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிள்ளைகளே தழைத்தார்கள். ஆகவே நம் ரசனை பிறவியிலேயே வந்தது. இதுதான் அதன் சாரம்.

இதைச் சும்மா திட்டிவிட்டுப் போக முடியாது. டார்வின் நமக்கு எதிரியில்லை. மனுவை உடைக்க டார்வின் வேணும். அதனால் அந்தத் துறை உண்மையில் என்ன கண்டிருக்கிறது என்று பார்ப்போம்.

டார்வினுக்கு உறவுக்காரர் பிரான்சிஸ் கால்டன். 1870களின் கடைசியில் குற்றவாளிகளின் புகைப்படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்து, குற்றவாளிக்கென்று ஒரு முகம் இருக்கிறதா என்று தேடினார். கிடைத்ததோ தனித்தனி முகங்களைவிட லட்சணமான முகம். முகத்தை வைத்து மனிதனைத் தரம் பிரிக்க முடியாது என்று அவருடைய சோதனையே சொல்லிவிட்டது. அவர் கேட்கவில்லை. 1883இல் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரேதான். உசந்த பிறப்பு பெருகணும், தாழ்ந்த பிறப்பு குறையணும் என்கிற கொள்கை. நமக்குப் பழக்கமான குரல்தான்.

1990இல் அமெரிக்காவில் லாங்லுவா, ராக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணிப்பொறியில் 32 முகங்கள் வரை கலந்து பார்த்தார்கள். அதே முடிவு: கலந்து வந்த சராசரி முகம்தான் பார்ப்பவர்களுக்கு அழகாகத் தெரிந்தது. சராசரி என்றால் என்ன? எந்த ஒரு மூக்கும் எந்த ஒரு நிறமும் உசத்தி இல்லை என்று அர்த்தம். அந்தச் சராசரியையும் கண் எங்கிருந்து கட்டுகிறது? தன்னைச் சுற்றிப் பார்க்கிற முகங்களிலிருந்துதான். ஒரே மாதிரியான முகங்களைத் தொடர்ந்து காட்டினால், சில நிமிடங்களிலேயே எது லட்சணம் என்ற கணிப்பு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். சில நிமிடத்துக்கே இப்படின்னா, பிறந்ததிலிருந்து திரையிலும் விளம்பரத்திலும் வெள்ளைத்தோலையே பார்த்து வளர்ந்த கண் என்ன ஆகும்? 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. பேரைத்தான் மாத்தினாங்க.

2015இல் இரட்டையர்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஒரே மரபணு கொண்ட 547 ஜோடி, மற்ற இரட்டையர் 214 ஜோடி. ரசனை ஆளுக்கு ஆள் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் மரபணு இல்லை, அவரவர் வாழ்ந்த அனுபவம் என்று முடிவானது. கைக்குழந்தைகூட சில முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கிறது, வாஸ்தவம். ஆனால் அந்தக் குழந்தைக்குச் சேரி தெரியாது, ஊர் தெரியாது.

இந்தத் துறை அதிகாரத்தின் கையில் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2011இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் சதோஷி கனசாவா, கறுப்பினப் பெண்கள் அழகு குறைந்தவர்கள் என்பது புறவயமான உண்மை என்று எழுதினார். பேட்டி எடுக்கப் போனவர்கள் போட்ட மதிப்பெண்தான் அவருடைய ‘புறவயம்’. எதிர்ப்பு கிளம்பியதும் கட்டுரை நீக்கப்பட்டது. இங்கே 1891இலேயே ரிஸ்லி மூக்கை அளந்து, மூக்கு அகல அகல சாதி தாழும் என்று எழுதிவிட்டார். பாபாசாகேப் 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அதே மூக்களவுகளை எடுத்துத்தான், பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார்.

சரி, நம் நாட்டில் துணையைத் தேர்ந்தெடுப்பது கண்ணா? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட நால்வர் கொல்கத்தாவில் வங்காளிப் பத்திரிகையில் மணமகன், மணமகள் தேவை விளம்பரம் கொடுத்தவர்களிடம் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். ‘ரொம்ப அழகி’ என்பதற்கும் ‘சுமார்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப்போல இரண்டு மடங்கு எடை, பெண் தேடும் தரப்பில், சொந்தச் சாதிக்கு இருந்தது. அழகு, நிறம் எல்லாம் சாதி வேலிக்கு உள்ளே நடக்கிற பேரம். ‘சாதி தடையில்லை’ என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே ‘எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக’ என்று போடுகிற விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்த வேலியாவது இயற்கையா? 2013இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்தார்கள், அதற்குப் பிறகே அகமணம் இறுகியது என்கிறது. பரிணாமக் கணக்கில் இது நேற்று நடந்தது.

அம்பேத்கர் 1916 மே 9 அன்று, 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சொன்னதை இங்கே சேர்த்துப் படியுங்கள். சாதியின் உயிர்நாடி அகமணம். அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் தேவைப்பட்டன என்றார். தானாக நடக்கிற காரியத்துக்குக் காவல் வேண்டாம் தோழர்களே. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதற்கு யாரும் தடி தூக்கி நிற்பதில்லை. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்களே, ஏன்? அவரும் கௌசல்யாவும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கண் சாதி பார்க்காமல் தேர்ந்தெடுக்கிறது. அதனால்தான் அரிவாள் வருகிறது.

கடைசியாக ஒன்று. ஆதிக்க சாதியை மட்டும் பேசிவிட்டுக் கலைந்துபோனால் இது பாதிப் பேச்சுதான். நம் வீட்டிலும் மருமகள் ‘கலரா’ வேணும் என்கிறார்கள். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள்ளேயும் பெண் கொடுக்கிறதில்லை, எடுக்கிறதில்லை. இந்த முகாம் முடிந்து ஊருக்குப் போனதும் அம்மாவிடமும் அக்காவிடமும் இதைப் பேசுங்கள். நாளைக்கு உங்களுக்குப் பெண்ணோ பையனோ பார்க்கிறார்கள் என்றால், போட்டோவை வாங்குவதற்கு முன்னால் எந்த வேலிக்குள் தேடினார்கள் என்று கேளுங்கள்.