கற்பனைப் பேரரசுக்கு யார் சோறு போடுவது?

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரை)



கோயம்புத்தூரிலிருந்து எந்தப் பேருந்தில் ஏறினாலும் ஏதாவது ஒரு பாளையம் வந்துவிடும். மேட்டுப்பாளையம், பெரியநாயக்கன்பாளையம், கோபிசெட்டிபாளையம் என்று பட்டியல் நீளும். நம் மாணவர்கள் பலரின் முகவரியிலேயே பாளையம் இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் பாளையக்காரர் பாடத்தைத் தொடங்கும்போது, "பாளையம் என்றால் என்ன?" என்று கேட்டேன். "ஊருங்க டீச்சர்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. படை தங்கும் இடம் என்பது அதன் பழைய பொருள். இந்தப் பெயர் கொண்ட எல்லா ஊரும் ஒரு பாளையக்காரரின் தலைமையிடம் என்று கொள்ள முடியாது. ஆனாலும் அந்தக் காலத்தின் தடம் நம் ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1529, விசுவநாத நாயக்கர், அமைச்சர் அரியநாதர், 72 பாளையங்கள் என்று சொல்லிக் கொடுத்தால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் ஒரு பேரரசன் தன் ஆட்சியை ஏன் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விளங்காது. அதனால் பாடத்துக்கு முன்பே ஒரு செயல்பாடு கொடுத்தேன். "நீங்களே ஒரு பேரரசை உருவாக்குங்கள். ஆட்சி, பொருளாதாரம், பண்பாடு, படை என்று நான்கு தலைப்புகள். குழுவுக்கு ஒரு சார்ட்." அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் வந்த சார்ட்டுகளில் யானையும் குதிரையும் நிறைந்திருந்தன. ஒரு குழுவின் படையில் 2 லட்சம் வீரர்கள். "ஒரு வீரனுக்கு நாளைக்கு அரைக் கிலோ அரிசி என்றால் மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டேன். கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். ஒரு லட்சம் கிலோ, அதாவது 100 டன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "பத்து டன் லாரின்னா தினம் பத்து லோடுங்க டீச்சர்" என்றான். அந்தக் காலத்தில் ஏது லாரி? வண்டிக்கு ஒரு டன் என்றாலும் தினமும் நூறு மாட்டுவண்டிகள் வேண்டும். ஓர் உழவர் குடும்பம் தான் உண்டது போக ஒரு வீரனுக்குச் சோறு போடும் என்று வைத்துக்கொண்டால் 2 லட்சம் உழவர் குடும்பங்கள் தேவை. அவர்கள் வரைபடத்தில் இருந்ததோ மூன்றே ஊர்கள்.

இந்த இடத்தில்தான் பாடநூலைத் திறந்தோம். இத்தனை தானியத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து படைக்கு அனுப்புவதைவிட, நிலத்தின் வருவாயை ஒரு தலைவரிடம் விட்டுவிட்டு, "நீயே படை வைத்துக்கொள், கூப்பிட்டால் வா" என்று சொல்வது அரசனுக்கு எளிது. விஜயநகர அரசின் நாயங்கரா முறையும் இதுதான், மதுரை நாயக்கரின் பாளையமும் இதுதான். வருவாயில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு என்று மூன்றாகப் பிரித்ததாகப் படிக்கிறோம். வரி வசூல், வழக்குத் தீர்ப்பு, காவல் எல்லாம் அவர் பொறுப்பு.

"அவரு படைய வச்சுக்கிட்டு ராஜாவையே எதுத்தா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நிலமானிய முறையின் பலவீனத்தைப் பாடம் தொடங்குமுன்பே பிடித்துவிட்டாள். இதே கேள்வி ஜப்பானுக்கும் வந்தது. அங்கு 1635 முதல் டைம்யோ எனும் சிற்றரசர்கள் குறித்த காலம் தலைநகர் எடோவில் வந்து தங்க வேண்டும், ஊர் திரும்பும்போது மனைவி மக்களை அங்கேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று விதி செய்தார்கள். வகுப்புக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த நாளே இரண்டு சார்ட்டுகளில் பணயக்கைதிகளுக்கு மாளிகை முளைத்துவிட்டது!

கொங்கு நாடு மதுரை நாயக்கரிடமிருந்து மைசூர் உடையார்களுக்கும், பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தானுக்கும், 1792, 1799 ஆண்டுகளில் இரண்டு தவணையாக ஆங்கிலேயருக்கும் கைமாறியது. மைசூருக்குப் போன வரிப்பணத்தைத் தீர்த்தகிரி வழிமறித்துப் பிடுங்கி, சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் இடையிலுள்ள சின்னமலை எடுத்ததாகச் சொல் என்று அனுப்பிய நிகழ்ச்சியைச் சொன்னபோது கைதட்டல். தட்டி முடித்ததும் ஒருவன் கேட்டான்: "அந்தக் காசு மொதல்ல யாருதுங்க டீச்சர்?" 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கு மேடை ஏறிய தீரன் சின்னமலையின் வீரத்தை அந்தக் கேள்வி குறைத்துவிடாது. ஆனால் வரலாற்றில் உழவன் எங்கே நின்றான் என்று தேட வைக்கும்.

இனி, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். குழுக்களை மாணவர்களே பிரித்துக்கொள்ள விட்டுவிட்டேன். எந்தத் தெருவிலிருந்து சேர்ந்து நடந்து வருகிறார்களோ அப்படியே சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு குழுவின் வரைபடத்தில் நடுவே கோட்டை, கோயில், நான்கு வீதிகள். ஓடைக்கு அப்பால் தனியாக நாலைந்து கட்டங்கள். மேலே "வேலைக்காரர் தெரு" என்று எழுதியிருந்தது. வேறு குழுவில் இருந்த ஒரு மாணவி அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "எங்க தெருவ எதுக்கு அங்க போட்டீங்க?"

யாரும் அவள் தெருவின் பெயரை எழுதவில்லை. ஆனால் வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது. வரைந்தவனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. கற்பனை செய் என்று சொன்னேன், அவன் பார்த்ததை வரைந்தான். மணி அடித்துவிட்டது. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் 36 சீட்டுகள் எழுதிக் குலுக்கினேன். அரசர் 1, அமைச்சர் 2, பாளையக்காரர் 3, வீரர் 6, உழவர் 12, நெசவாளர் 4, நிலமற்ற வேலையாள் 8. "எடுத்த சீட்டுதான் இனி நீங்கள். உங்கள் பேரரசில் திருத்த வேண்டியதைத் திருத்துங்கள்." வரைபடம் வரைந்தவனுக்கு வேலையாள் சீட்டு. தன் வீடு எங்கே என்று தேடினான். பிறகு அழிப்பானை எடுத்து, அந்தத் தெருவைக் கிணற்றுக்கு அருகே கொண்டுவந்தான். விளைச்சலில் பாதி வரி என்று போட்டவள் உழவராகி, நாலில் ஒன்றுக்கு மேல் தரமாட்டேன் என்றாள். "அப்ப என் வீரருக்கு நான் எப்படிச் சோறு போடறது?" என்று பாளையக்காரர் சண்டைக்கு வந்தார். கடைசியில் 2 லட்சம் படை 2 ஆயிரமானது. உழவர்கள் சேர்ந்து வாய்க்கால் கேட்டார்கள். அப்போது, பவானி ஆற்றிலிருந்து நொய்யல் வரை செல்லும், 1283-ல் வெட்டி முடித்த காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். சின்னமலையின் ஓடாநிலைக் கோட்டையை ஆங்கிலேயர் இடித்தார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முந்திய அந்த வாய்க்கால் இன்றும் வயலுக்குப் பாய்கிறது.

நாம் யாராகப் பிறப்போம் என்று தெரியாத நிலையில் சட்டம் எழுதினால்தான் அது நியாயமாக இருக்கும் என்று அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-ல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நம் பிள்ளைகளுக்கு அது ஒரு துண்டுச் சீட்டில் புரிந்தது.

செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நான்கு பாடவேளைகள் போதும். குழுவை முதல் நாளே சீட்டுப் போட்டுப் பிரியுங்கள். சோற்றுக் கணக்கைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்துங்கள். தொடக்கப் பள்ளியில் பேரரசு வேண்டாம், ஓர் ஊர் போதும். கிணறு எங்கே, பள்ளி எங்கே, யார் வீடு தூரம் என்று கேட்டாலே பேச்சு தொடங்கிவிடும். சார்ட்டின் அழகுக்கு மதிப்பெண் தராதீர்கள், எதைத் திருத்தினார்கள், ஏன் திருத்தினார்கள் என்பதற்குத் தாருங்கள்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். அன்று மாலை பள்ளி விட்டதும் அவர்கள் வழக்கம்போல இரண்டு வழியாகப் பிரிந்துதான் நடந்தார்கள். ஆனால் அடுத்த பாடத்துக்குக் குழு பிரிக்கும் நேரம் வந்தபோது, அந்த மாணவிதான் எழுந்து, "சீட்டுப் போடுங்க டீச்சர்" என்றாள். வரைபடம் வரைந்தவன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தான்.