பாலம் யாருடையது?

(தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதைப் பேச வேறு மேடை இருக்கிறது. இன்று பேச வேண்டியது கீழ் டிவிசன் பாலத்தைப் பற்றியும் பிரதேச சபையைப் பற்றியும்தான்.

அந்தப் பாலம் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் இடிந்தது. அன்றிலிருந்து இரண்டு சவுக்கு மரத்தைப் போட்டு நடக்கிறோம். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்துதான் பாடசாலைக்கு வருகிறார்கள். கொழுந்து மூட்டை அந்தப் பக்கம் போவதில்லை. போயிருந்தால் பாலம் எப்போதோ கட்டப்பட்டிருக்கும் என்று ஒரு அக்கா சொன்னார். அதை மறுத்துப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

போன வருடம் ஒரு ராத்திரி நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். கீழ் லயத்துப் பிள்ளைத்தாய்ச்சி ஒருவருக்கு வலி கண்டது. ஆட்டோ பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நாலு ஆம்பிளைகள் கம்பளியில் தொட்டில் மாதிரிக் கட்டித் தூக்கி வந்தார்கள். மரத்தின் மேல் கால் வைக்கப் பயந்து நின்ற இடத்திலேயே, குடைக்குக் கீழே, டோர்ச் வெளிச்சத்தில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறார்கள். அந்தக் குட்டிக்கு லயத்தில் 'பாலத்தம்மா' என்று பட்டப்பெயர். சிரிக்கிறோம். ஆனால் அன்றைக்கு இரத்தப் போக்கு நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தூக்கி வந்த நாலு பேருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த கிழமையே கடிதம் எழுதினோம். முதலில் தோட்ட ஒப்பிசுக்கு. "ரோட்டும் பாலமும் கம்பனி வேலை இல்லை, பிரதேச சபையிடம் கேளுங்கள்" என்றார்கள். சபைக்கு எழுதினோம். "அது தோட்டக் காணி, எங்கள் பாதைப் பட்டியலில் இல்லை" என்று பதில் வந்தது. ஒப்பிசிலிருந்து சபைக்கும் சபையிலிருந்து ஒப்பிசுக்குமாக நாலு மாதம் நடந்தோம். அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் எங்கள் ஜனம் நடப்பது நேற்று இன்று தொடங்கிய கதை அல்ல. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் கிராமச் சபைகள் இருந்தன. 1937இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதே, தோட்டத்தில் குடியிருக்கிற இந்திய வம்சாவளித் தொழிலாளிக்கு அங்கே வாக்கு இல்லை என்று ஆக்கினார்கள். 1948இல் பிரஜாவுரிமையே போனது. அது முழுமையாகத் திரும்பி வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் காத்திருந்தோம். நடுவில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. நாங்கள் வாக்குப் போட்டோம், எங்கள் ஆட்கள் உறுப்பினராகவும் ஆனார்கள். ஆனால் வென்று போன உறுப்பினர் தன் லயத்துக்கு ஒரு பீலி போட்டுத் தரச் சபைப் பணத்தைக் கேட்டால், அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்றார்கள். வாக்கு எங்களிடம் வாங்குவார்கள், வேலையை ரோட்டு ஓரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். முப்பது வருடம் அப்படியே போனது.

தொழிற்சங்கங்களும், மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களும், சிவில் அமைப்புகளும் விடாமல் கேட்டதன் பலனாக 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பாதை, கிணறு போன்ற பொது வசதிகளைச் சபை செய்து கொடுக்கலாம் என்று வந்தது. அதே வருடம் பெப்ரவரித் தேர்தலுக்கு முன்னால் நுவரெலியா மாவட்டத்தில் சபைகளையும் பிரித்தார்கள். அம்பகமுவ சபை அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்று மூன்றானது. நுவரெலியா சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனியாக வந்தன. அதற்கு முன் ஒரு கடிதம் கொடுக்க அரை நாள் பேரை இழந்து பஸ் ஏறிப் போனவர்களுக்குத்தான் அந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

இங்கே டீச்சர் வேலையைக் கொஞ்சம் காட்டுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். 'செய்யலாம்' என்பது வேறு, 'செய்ய வேண்டும்' என்பது வேறு. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். சட்டத்தில் இருப்பது 'செய்யலாம்'. அதனால்தான் கேட்காத தோட்டத்துக்கு ஒன்றும் வருவதில்லை. கேட்ட தோட்டத்துக்கும் சரியாகக் கேட்டால்தான் வருகிறது. இன்னொன்றையும் பாருங்கள். 'நிர்வாகத்தோடு கலந்து பேசி' என்று ஒரு வரி இருக்கிறது. வேண்டாம் என்று நினைக்கிற இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள அந்த ஒரு வரி போதும்.

சிலர் கேட்பார்கள்: சபைக்கு நாங்கள் வரி கட்டுவதில்லையே, எந்த முகத்தோடு கேட்பது? இந்தக் கூச்சம் எங்களுக்குத் தேவையில்லை. நிரந்தரப் பயிர் செய்கிற நிலத்துக்கு ஏக்கர் வரி அறவிடச் சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த நிலத்தில் பயிரை வளர்ப்பது யார்? டவுன் கடைகள் சபைக்குக் கட்டுகிற பணம் யார் வாங்குகிற அரிசியிலும் மாவிலும் இருந்து வருகிறது? சம்பள நாளன்று அந்தக் கடை வாசலில் போய் நின்று பாருங்கள்.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறோம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

நாங்கள் முதலில் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். இருநூறு வருடமாக நாட்டுக்கு உழைத்ததிலிருந்து தொடங்கி, கண்ணீரில் முடிந்தது. எழுதியபோது நல்ல கடிதம் என்று நாங்களே மெச்சிக்கொண்டோம். அதை வாசித்த சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கோபப்படவில்லை. "டீச்சர், எந்தப் பாலம்? எத்தனை அடி? எத்தனை வீடு?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வட்டாரத்தின் பெயர் எழுதவில்லை, கிராம உத்தியோகத்தர் பிரிவு எழுதவில்லை, பாலத்தின் நீளம் எழுதவில்லை.

திரும்பி வந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் டேப் பிடித்தோம். கணித பாடத்தை அங்கேயே நடத்தினோம். கரைக்குக் கரை பதினாலு அடி. பாவிக்கிற வீடு எண்பத்தாறு. பாடசாலைப் பிள்ளைகள் அறுபத்திரண்டு. மாதர் தலைவி வீடு வீடாகப் போய் ஒப்பம் வாங்கினார். கைநாட்டு வைத்த அப்பாயிமாரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பக்கத்திலேயே எழுதினோம். தண்ணீர் ஏறிய நாளில் எடுத்த படங்களை டவுனில் அச்சடித்து ஒட்டினோம். இரண்டாவது கடிதம் முக்கால் பக்கம்தான். தமிழிலேயே எழுதினோம். சிங்களத்தில் எழுதினால்தான் எடுப்பார்கள் என்று பயந்து சும்மா இருந்துவிடாதீர்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. ஒரு பிரதியில் சபையின் திகதி முத்திரையை வாங்கிக்கொண்டுதான் வாசல்படி இறங்கினோம். அந்த முத்திரை இல்லாத கடிதத்தைக் கொடுத்ததற்குச் சாட்சி கிடையாது.

நிர்வாகத்தின் ஆட்சேபனையில்லாக் கடிதம்தான் கஷ்டமாக இருந்தது. அதற்குத் தலைவர்மார் மூன்று தடவை போனார்கள். மூன்றாவது தடவை மாதர் சங்கத்தில் இருபது பேர் வேலை முடிந்து, கூடையோடு அப்படியே ஒப்பிஸ் வாசலில் நின்றார்கள். சத்தம் போடவில்லை. துரை வெளியே வந்து பார்த்தார், உள்ளே போனார், ஒப்பமிட்டார். அந்த இருபது பேரில் பத்துப் பேராவது இங்கே இருக்கிறீர்கள். கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

இடையில் சபைகளே இல்லாத காலம் ஒன்றும் வந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப் போய், 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, அதிகாரிகளே நடத்தினார்கள். இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். சட்டப்படி நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பதால் எங்கள் பெண்கள் சிலரும் சபைகளுக்குள் போயிருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கட்சி என்று பார்த்து வாசல் ஏறாமல் இருப்பது எங்களுக்கே நட்டம். வட்டாரத்து உறுப்பினர் எங்கள் சங்கத்துக்காரர் இல்லைதான். ஆனாலும் அவரிடம்தான் கொடுத்தோம். அவர் அதைப் பிரேரணையாகக் கொண்டு போனார். சபையில் ஆதரித்து முதலில் பேசியவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள உறுப்பினர். அந்தக் கிராமத்து ஆட்களும் சந்தைக்கு அந்தக் குறுக்கு வழியால்தான் போகிறார்கள். இது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அவர்களிடமும் ஒப்பம் வாங்கியிருக்கலாம்.

பிரேரணை நிறைவேறிவிட்டது. ஆனால் பாலம் இன்னும் இல்லை. வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்காத பிரேரணை கொப்பியில் எழுதி வைத்த கடன் மாதிரி. சபை ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடத்து வரவு செலவை வருட முடிவுக்குள் நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன் வரைபைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். இந்த நாட்களில்தான் கண் விழித்திருக்க வேண்டும். தை மாதம் போய்க் கேட்டால் அடுத்த வருடம் என்பார்கள்.

பணம் ஒதுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கவும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபையில் அதற்கென்று ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்கிறார். போன வருடம் எந்தப் பாதைக்கு எவ்வளவு செலவழித்தீர்கள், தோட்டங்களுக்கு எவ்வளவு என்று கேட்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவைப் பதினாலு வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், மேல் லயத்துக்காரர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அவர்களுடைய பிரச்சினை பாலத்தை விடப் பெரியது. லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு இருக்கிறது. கொஸ்லாந்தை மீரியபெத்தையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குக் கீழே போயின. அந்த இடம் ஆபத்து என்பது அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கைக் கடிதம் மட்டும் ஒரு குடும்பத்தையும் காப்பாற்றாது.

இதில் சபையால் செய்ய முடிவது குறைவுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இடத்தைப் பரிசோதிப்பது தேசிய கட்டட ஆய்வு நிறுவனம். அவர்களை அழைக்கக் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதம் எழுதியாகிவிட்டது. முத்திரை வாங்கிய பிரதி தலைவர் வீட்டில் இருக்கிறது. வேறு காணி, ஏழு பேர்ச்சஸ், வீடு என்பதெல்லாம் வேறு இடங்களில் நடத்த வேண்டிய போராட்டம், அதை விடப் போவதில்லை. ஆனால் மழை அதுவரைக்கும் காத்திருக்காது. வெடிப்பு அகலமானால், சுவரில் புதுக் கீறல் வந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், மரம் சரிந்தால், யாரையும் கேட்காமல் இறங்கி இந்த மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். சாவி பிள்ளைக்காம்பரா அம்மாவிடமும் எங்களிடமும் இருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை எல்லாரும் போனில் போட்டு வையுங்கள். சபையிலிருந்து தண்ணீர் பவுசரும், மண் அள்ள மெஷினும் கேட்கலாம். போன தடவை பவுசர் வந்தது, அதற்கு நன்றி. மண் அள்ளியது நாங்களே.

அன்று மரண உதவிச் சங்கத்து அண்டாவும் பெரிய சட்டிகளும்தான் நாற்பது குடும்பத்துக்கு மூன்று நாள் சோறு போட்டன. சாவு வீட்டுக்கென்று சேர்த்து வைத்த பாத்திரத்தில் உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சமைக்கிறோமே என்று ஒரு தாத்தா சங்கடப்பட்டார். அவருக்குத்தான் முதல் தட்டு கொடுத்தோம். இந்தத் தடவை முன்கூட்டியே ஒரு பட்டியல் வேண்டும்: நடக்க முடியாத வயசானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், டயலிசிஸ் போகிறவர்கள், அவர்களைத் தூக்க யார் வருவது என்று. மேல் லயத்துப் பட்டியலை இளைஞர் கழகம் எடுத்திருக்கிறது. மற்ற லயங்களுக்கு இன்னும் ஆள் வரவில்லை. கூட்டம் முடிந்து கலைவதற்கு முன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். சபையின் வரைபு பார்வைக்கு வந்துவிட்டது. புதன்கிழமை ஐந்து பேர் போய்ப் பார்க்க வேண்டும். கீழ் டிவிசனில் இரண்டு, மேல் டிவிசனில் இரண்டு, மாதர் சங்கத்தில் ஒருவர். அரைப் பேர் போவதற்குச் சங்கத்தில் பஸ் காசும் தேநீர்க் காசும் கொடுப்பார்கள், சம்பளம் கொடுக்க முடியாது. காலை எட்டு மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் நில்லுங்கள். கொப்பியும் பேனையும் நாங்கள் கொண்டு வருகிறோம். முத்திரை வாங்கிய கடிதத்தின் பிரதியைத் தலைவர் மறக்காமல் கொண்டு வர வேண்டும். போன தடவை மறந்தார், அதனால்தான் சபையில் வைத்தே சொல்கிறோம்.